ஓவசியர் பார்க்காத மண்

1961 ஜூன் 5, திங்கள்

காலையிலிருந்து தூறல். தையல் கடையைப் பூட்டிட்டு பட்டினசபை ஆபீஸ். வீட்டுக்குப் பின்னால மேட்டை வெட்டி ஒரு அறை கட்டணும், அனுமதி வேணுமான்னு கட்டட வேலைகளைப் பார்க்குற ஓவசியர்கிட்ட விசாரிச்சேன். நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார்.

தகரம் மாத்த, வெள்ளையடிக்க, கதவு மாத்த: ஒண்ணும் வேணாம்.
புது அறை, சுவர் இடிக்கிறது: பிளான் குடுத்து அனுமதி எடுக்கணும்.
மேட்டை வெட்டுறதுன்னா அவரே வந்து பார்க்கணும்.

"நான் பார்க்காம மண்ணுல கை வைக்காதீங்க. அந்த மேட்டு மேல இன்னொரு வீடு இருக்கு."

எப்படியும் ஒரு மாசம் ஆகுமாம். சம்சாரம் ரோசலினுக்கு அடுத்த மாசம் பிரசவம். அவ அக்கா வந்து தங்க எடமில்லை. சாயங்காலம் ரோ. கேட்டா. சின்ன அறைதானே, அனுமதி தேவையில்லைன்னு சொல்லிட்டேன்.

கறுப்புப் பொத்தான் வாங்க மறந்தாச்சு.

ஜூன் 8, வியாழன்

வெயில் கொஞ்ச நேரம், பிறகு மூடல். றொசல்லயிலிருந்து மேசன் முத்தையா வந்தார். அனுமதி இருக்கான்னு கேட்டார். வருதுன்னேன். மதியத்துக்குள்ள நாலடி வெட்டியாச்சு. ஒரு எடத்துல தண்ணி கசிவு. முத்தையா மண்வெட்டிய வச்சிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னார். மழைக்காலத்துல இதெல்லாம் சகஜம்னு நான்தான் சொன்னேன். அவர் மண்வெட்டிய எடுத்தார். மறுபடி வெட்டினார்.

மாதா கோயில் பாட்டுக்காரப் பிள்ளைகளோட சட்டை ஆறு. ஞாயிறுக்குள்ள குடுக்கணும்.

ஜூன் 10, சனி

விடாத மழை. மேல் வீட்டு பொடிமெனிக்கே கீழ இறங்கி வந்தாங்க. சிங்களம்தான் பேசுவாங்க. எனக்கு ஓரளவு வரும். குசினியில, அடுப்புப் பக்கத் தரையில வெடிப்பாம். போய்ப் பார்த்தேன். விரல் போகுது. அவங்க வீட்டுக்காரர் கட்டில்ல. தேயிலை ஃபெக்டரில விழுந்ததிலேர்ந்து நடக்க முடியாது. என்னைப் பார்த்துச் சிரிச்சார்.

நான் வெட்டுறத ஆபீஸ்ல பார்த்தாங்களான்னு அந்தம்மா கேட்டாங்க. பார்த்தாங்கன்னேன். அப்படின்னா பயமில்லைன்னு சொல்லி எனக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாங்க. குடிச்சேன்.

ஜூன் 11, ஞாயிறு

பூசைக்குப் போகல. தலைவலின்னு சொன்னேன். பின்கதவு சாத்த முடியல, நிலை சாஞ்சிருக்கு. கசிவுத் தண்ணி இப்ப கலங்கி வருது. மேட்டுல இருந்த கொய்யா மரம் நேத்து நேரா நின்ன மாதிரி ஞாபகம்.

ஜூன் 12, திங்கள்

மழை. முத்தையா வரல. அனுமதிய கண்ணால பார்க்காம இனி வெட்ட மாட்டாராம். பால்காரர்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கார். ரோ. வாசல்ல நின்னு கேட்டுட்டா.

"அனுமதி இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

இல்லைன்னேன். ஓவசியர் சொன்னதையும் சொன்னேன். மேல் வீட்டம்மாகிட்ட என்ன சொன்னேன்னும் சொன்னேன். திட்டுவான்னு பார்த்தேன். திட்டல. சாக்கு ஒண்ண தலையில போட்டுக்கிட்டு, அந்த வயித்தோட, வழுக்குற படியில மேல் வீட்டுக்கு ஏறினா. நான் ஆபீசுக்கு ஓடினேன்.

ஓவசியர் குடையோட வந்தார். மேட்டை ஒரு நிமிஷம் பார்த்தார். ரெண்டு வீட்டையும் இப்பவே காலி பண்ணுங்கன்னார். பொடிமெனிக்கேயோட வீட்டுக்காரரை நாற்காலியோட தூக்கினோம். ஓவசியர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கோயில் மண்டபத்துல எடம் குடுத்தாங்க.

வீட்டுல இருந்த தையல் மிஷினை எடுக்க முடியல.

ஜூன் 13, செவ்வாய்

பகல் பன்னிரண்டு இருக்கும். லொறி சரளைக்கல் கொட்டுற மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தோம். எங்க பின்சுவர் இல்ல. அடுப்பு இல்ல. அவங்க வீட்டுல பாதி எங்க வீட்டுக்குள்ள கெடக்கு. மீதிப் பாதி அந்தரத்துல.

பொடிமெனிக்கேகிட்ட நானே சொன்னேன், ஆபீஸ்ல யாரும் பார்க்கலன்னு. தெரியும், நேத்தே உங்க சம்சாரம் சொன்னாங்கன்னாங்க. என்னைத் தாண்டிப் போனாங்க. ரோ.வுக்குப் போர்வை எடுத்துக் குடுத்தாங்க.

ஓவசியர் எல்லாத்தையும் என் கையாலயே எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். ரோ. வாசிச்சுப் பார்த்து, விட்டுப்போன ஒரு வரிய, பொடிமெனிக்கேகிட்ட நான் பொய் சொன்னத, சேர்க்கச் சொன்னா. சேர்த்தேன்.

மழை குறையல. மீதி மேடும் அசையுதாம். கீழ்வரிசை ஆட்களும் மூட்டையோட வந்துக்கிட்டிருக்காங்க.

நாற்காலியில இருந்த மனுஷனுக்கு யாரும் வெவரம் சொல்லல போல. எப்ப வீட்டுக்குப் போகலாம்னு சிங்களத்துல கேட்டார். மண்டபத்துல அத்தனை பேரும் என்னைப் பார்த்தாங்க.