ஷட்டரில் ஒரு ஓட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாலு எழுதுவது. நான் நலம், அம்மா நலம். சித்தப்பாவும் நலம்தான், அதற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அம்மா உங்களிடம் போட்டுக் கொடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டால் திட்டு பாதியாகக் குறையுமே.

நம் சைக்கிள் கடை மூடியிருக்கும்போதும் யார் வேண்டுமானாலும் காற்றடித்துக்கொள்ளட்டும் என்று, ஷட்டரில் ஓட்டை போட்டுக் கம்ப்ரஸர் குழாயை வெளியே தொங்கவிட்டிருந்தீர்களே, நீங்கள் தூர தேசத்து வேலைக்குக் கிளம்பிய மறுமாதமே சித்தப்பா அதை உள்ளே இழுத்துவிட்டார். ஓட்டையில் சாக்கை வேறு அடைத்துவிட்டார். இந்தத் தெருவால்தான் பிழைக்கிறோம், தெருவுக்குக் காற்றாவது கொடுப்போம் என்று நீங்கள் சொல்வதை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். காது கேட்காதவர் மாதிரி பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். எனக்கோ, குழாய் வெளியே தொங்கினால் நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள் என்று தோன்றும்.

காற்றில்லாத சைக்கிளைத் தள்ளும் சுகம் அவருக்கும் தெரியட்டும் என்று, போன திங்கள் விடிவதற்கு முன்னே மாடிப்படிக்குக் கீழே போய் அவர் சைக்கிளின் இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டேன். அவருடையது என்றுதான் நினைத்தேன். இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. மிச்சமான பச்சை பெயின்ட் வீணாகக் கூடாது என்று சித்தப்பா சைக்கிள், கீழ்வீட்டு நர்ஸ் அக்கா சைக்கிள், நம் வீட்டு வாளி வரைக்கும் அடித்து வைத்தது யார்? இருட்டில் வாளி மட்டும்தான் என்னிடமிருந்து தப்பியது.

விடிந்ததும் ஜன்னல் வழியாகப் பார்த்தால், நர்ஸ் அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். பின்னாலேயே ஓடினேன். நம் கடை முன்னால் நின்று அந்தச் சாக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். பழக்க தோஷத்தில் இங்கே வந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்துவிட்டு, ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு, அப்பா, எனக்கே வாய் வரவில்லை.

சித்தப்பாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். முதுகில் நாலு விழும் என்று நினைத்தேன். அவர் சாக்கைப் பிடுங்கி எறிந்தார். இந்த ஓட்டையால் கடைக்குள் எலி வரும் என்று அன்றைக்கே உங்களிடம் சொன்னாராம். என்னைவிட எலியே தேவலை என்று இப்போது படுகிறதாம். பிறகு, குழாயை வெளியே தள்ளிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“அப்பல்லாம் காலையில கடை திறக்க வந்தா, குழாயப் பிடிச்சுக்கிட்டு நாலு பேர் நிப்பாங்க. அண்ணன் எப்ப வருவாருன்னு எல்லாருக்கும் அதே கேள்வி. நான் என்னத்தச் சொல்ல?”

கஞ்சத்தனம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

சாயங்காலம் நர்ஸ் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு மாதம் அவர் சைக்கிளைத் துடைக்க வேண்டும் என்று தீர்ப்பு. துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பால்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பழையபடி வந்து காற்றடித்துக்கொண்டு போகிறார்கள். சித்தப்பாவுக்காகக் குழாய் பக்கத்தில் ஓர் அட்டை எழுதி மாட்டியிருக்கிறேன்: காற்று இலவசம். கேள்வி கேட்கக் கூடாது. எல்லோரும் அதை நின்று படித்துவிட்டு, நேரே என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

எழுதி மாட்டினவளே மீறக் கூடாது. அதனால் நான் கேட்கவில்லை. உங்கள் சைக்கிளுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காற்றடித்து வைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அப்பா.

எப்போதும் உங்கள் பின்னாலேயே வரும்,
வாலு