சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே

அன்புள்ள பெரியவளுக்கு,

'அன்புள்ள' என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது, போகட்டும் என்று அடிக்காமல் விட்டேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. மற்றபடி உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு இந்தத் தாள் போதாது. எழுத்து கோணலாக இருந்தால் கை நடுக்கம் என்று நினைக்காதே. போன வாரம் போனில் "அப்பாவ அந்தக் கூட்டத்துக்கு மட்டும் விட்டுடாதீங்கம்மா" என்று சொன்னாயாமே, அன்றைக்கே உன் அம்மா என் கண்ணாடியை எங்கேயோ ஒளித்துவிட்டாள். கேட்டால் "எங்க வெச்சீங்களோ, தேடுங்க" என்கிறாள். இப்போது மதியத் தூக்கத்தில் இருக்கிறாள், அவளுடைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ பேச்சைப் பாதியில் வெட்டுகிறாய், கடிதத்தை அப்படி வெட்ட முடியாது.

தெருக்குழாய் உடைந்து மூன்று நாளாக ஒழுகுகிறது என்று புகார் கொடுக்க நகராட்சி அலுவலகம் போயிருந்தேன். அங்கே வராந்தாப் பலகையில் வட்டாரக் குடிநீர்த் திட்டத்தின் சுருக்கத்தை ஒட்டியிருந்தார்கள். நான் வேலை பார்த்த நீரேற்று நிலையத்திலிருந்து புதுத் தொழிற்சாலைப் பக்கம் இரண்டாவது பெரிய குழாய் போகப்போகிறதாம். முப்பது ஆண்டுப் பதிவேட்டின்படி ஆற்று நீர்மட்டம் ஒரு நாள்கூடச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கியதில்லை, ஆகவே சுற்றுச்சூழல் விதிப்படி தடை எதுவும் இல்லை, ஊர் மக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் நடக்கும் என்று போட்டு, அடியில் அறிக்கை எழுதிய அதிகாரி என்று உன் கையெழுத்து. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, "உங்க பொண்ணா சார்? கொடுத்து வெச்சவங்க நீங்க" என்றார். பைத்தியக்காரன் மாதிரி தலையை ஆட்டினேன். குழாய்ப் புகாரைக் கொடுக்க மறந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன், அது இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

உனக்குத் தெரியாதது இல்லை, ஆனால் நீ மறந்த மாதிரி நடிப்பதால் எழுதுகிறேன். ஆற்றில் நட்ட அளவுப் பலகையில் நீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்த வேண்டும், மிச்சத் தண்ணீர் கீழ்ப்பகுதிக்குப் போக வேண்டும் என்பது விதி. அந்த இரண்டு வறட்சி வருடத்தில் கோடு வெயிலில் காய்ந்து கிடந்தது. எங்கள் மேலதிகாரி, நாங்கள் சமாளி என்று பேர் வைத்திருந்தோமே அவர்தான், "ஒரு விரற்கடை மேல எழுதுங்க, ஊருக்குத் தண்ணி நிக்கக் கூடாது, நான் பாத்துக்கிறேன்" என்றார். நான் எழுதினேன். காலையில் படி இறங்கிப் போய்ப் பார்ப்பேன், மேலே ஏறி வந்து பொய்யை எழுதுவேன். சுற்றுச்சூழல் துறை அதிகாரி வருடத்துக்கு ஒரு முறை வந்து பதிவேட்டைப் புரட்டுவார், செருப்பில் சேறு படும் என்று ஆற்றுப் பக்கம் இறங்கவே மாட்டார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். கணுக்கால் நனையாத ஆற்றில் அந்த ஒரு விரற்கடைதான் எல்லாமே. மனம் உறுத்தாமல் இல்லை. பொய் எழுதிய ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். யாருக்காக வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

அதைக் கண்டுபிடித்தவள் நீ. கல்லூரிக் கடைசி வருடம் உன் ஆய்வுக்காகப் பழைய பதிவேடுகளை அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். கூடத்தில் பரப்பிப் போட்டுக்கொண்டு, "என்னப்பா, மாசக் கணக்கா ஒரே அளவு இருக்கு" என்று கேட்டாய். நான் மழுப்பாமல் புள்ளிகளைக் காட்டினேன். நீ விரல் வைத்து எண்ணினாய், இருநூற்றுப் பதினொன்று. "இருநூத்திப் பதினோரு பொய்யிலதான் நான் சாப்ட்டு வளந்தேனா" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசற்படியில் போய் உட்கார்ந்தாய். நாற்பது நாள் என்னோடு பேசவில்லை. "அவர்கிட்ட சொல்லுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று உன் அம்மா வழியாகத்தான் செய்தி வரும். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. நம் வீட்டில் ஒருத்தியாவது முதுகு நிமிர்ந்து நிற்கிறாளே என்று நினைத்தேன். அந்தப் பெருமையில்தான் இத்தனை வருடம் ஓட்டினேன், அதைத்தான் நீ பலகையில் ஒட்டிக் கிழித்துவிட்டாய்.

இப்போது கேட்டால், பதிவேடுதான் ஆவணம், ஆவணத்தில் இருப்பதைத்தான் எழுதினேன், பழைய கதையைக் கிளறாதீர்கள் என்கிறாய். உன் அலுவலகத்தில் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது எண்கள் மட்டும் ஏறின, புள்ளிகள் ஏறவில்லை. தட்டச்சு செய்தவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரியும். உலகத்தில் அந்தப் புள்ளிக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான், சமாளி போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பயந்து எழுதினேன். மேலதிகாரி முன்னால் நின்று முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லாதவன். உனக்கு என்ன பயம்? குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, தெரிந்தே என் பொய்யை எடுத்து அச்சடித்து, உன் பேரையும் போட்டாயே. பேசாமலே இருந்த அந்த நாற்பது நாளை எனக்குத் திருப்பிக் கொடு.

உன் அத்தையை நினைத்துப் பார்த்தாயா? ஆற்றின் கீழ்ப்பகுதியில் இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். அந்த இரண்டு வருடம் அவள் கிணறு உப்பாகிப் போய், துணி துவைத்தால்கூட நுரை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் நிலையத்திலிருந்து இரண்டு கேன் தண்ணீரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பேன். "யாருக்குண்ணே இப்படி ஒரு அண்ணன் கிடைப்பான்" என்பாள். அவளுக்கு வர வேண்டிய ஆற்றை வாரம் முழுக்கத் தடுத்துவிட்டு, இரண்டு கேன் கொடுத்துப் புண்ணியம் வாங்கிக்கொண்டேன். இரண்டாவது குழாயும் போட்டால் அவள் தெருவுக்கு இரண்டு கேன் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்காரப் போகிறாளாம். "நம்ம பொண்ணு எழுதினதுண்ணே, தப்பா இருக்காது" என்று நேற்று என்னிடமே சொல்லிவிட்டுப் போகிறாள். பாவி, அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு எனக்குத் தூக்கம் எப்படி வரும்?

கூட்டம் அடுத்த மாதம் நான்காம் தேதி, காலை பத்து மணிக்கு. இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. நான் போவேன், எழுந்து நின்று சொல்லுவேன். வழக்குப் போட்டால் போடட்டும், ஓய்வூதியத்தை நிறுத்தினால் நிறுத்தட்டும், உன் அம்மாவிடம் அதையும் சொல்லிவிட்டேன். ஆனால் நான் முதலில் சொன்னால் அங்கே இரண்டு பொய்யர்கள், நீயும் நானும். அதற்குள் நீயே அந்த அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னால் பொய்யன் ஒருவன்தான், அது நான். அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று கலங்காதே, காட்டிக்கொடு.

உன் தம்பி மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, பெரியத்தையிடம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றாள், அந்த நல்ல சேதியையும் இந்தக் கோபத்துக்கு நடுவிலேயே எழுத வேண்டியிருக்கிறது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்றாயே, வாஷரை மாற்று, பக்கெட் வைத்துக் காலம் தள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையிடம் என் கோபத்தைக் காட்டாதே, அவர் என்ன செய்வார். நீ எங்கே இருந்தாலும் தலை குனியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசீர்வாதம், அன்றைக்கும் இன்றைக்கும்.

உன் அம்மா எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாள். உள்ளே போய் அரிசி டப்பாவைத் திறந்து, என் கண்ணாடியைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, தன்னுடையதை என் மூக்கிலிருந்து கழற்றிக்கொண்டு போய்விட்டாள். இனி உள்ள வரிகள் நேராக இருக்கும்.

தேதியைக் கீழே போட்டிருக்கிறேன். பக்கத்தில் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
ஒரு விரற்கடை கூட்டி எழுதிய உன் அப்பா
பதினெட்டாம் தேதி, செவ்வாய்