கழுவெளிக் கரையில் உன் பெயரைச் சொல்கிறேன்

நாலு வயது மூத்தவனாக இருந்தும் என்னிடம் அடி வாங்கிக்கொண்டு சிரிப்பாயே, என் குமரா அண்ணா,

முதலில் உனக்குப் பிடித்த சேதி. வெயில் தணிந்துவிட்டது. புரட்டாசியிலேயே இரண்டு நல்ல மழை பெய்து உப்புப் பாத்திகளில் தண்ணீர் நிற்கிறது. வாரிக் குவித்த உப்பையெல்லாம் பனையோலை போட்டு மூடிவிட்டார்கள். உப்பளத்தை ஒட்டிய கழுவெளி ஏரியில் பூநாரைகள் இறங்கிவிட்டன. அவற்றின் பின்னாலேயே சென்னைக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

"வெயில் போச்சுன்னா பட்டணத்துக்காரங்களுக்கும் ரெக்கை மொளச்சிடும்" என்று போனில் சொல்வாய். நான் தி.நகரில் புடவைக் கடையின் இரண்டாவது மாடியில் நின்றுகொண்டு கேட்பேன். மயிலாப்பூரில் கொலு பார்க்கப் போகிறவர்கள், தீபாவளித் துணி எடுக்க வருகிறவர்கள், சனி ஞாயிறு வந்தால் கடற்கரைச் சாலையில் தெற்கே கிளம்புகிறவர்கள் என்று ஊர் முழுக்க அந்த மாதங்களில் உல்லாசமாக இருக்கும். எனக்கு மட்டும் லீவு இருக்காது. நீதான் எனக்குப் பதிலாகப் பார்த்துச் சொல்வாய். துடுப்பைத் தலைகீழாகப் பிடித்த ஐ.டி. பையன், கூழைக்கடாவைப் பார்த்துக் கும்பிட்ட மாமி. நீ சொல்லும்போது நானும் அந்தப் படகில் இருப்பேன்.

மூன்றாவது ஐப்பசி இது, நீ இல்லாமல்.

உன்னை வேலைக்கு வைத்திருந்தவரின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். நீ ஓனர் என்றுதான் சொல்வாய். அப்படியே இருக்கட்டும். கழுவெளிக் கரையில் அவர் ரிசார்ட், அதற்கு ஒரு படகுத்துறை, துடுப்புப் போடும் ஆறு கயாக் படகு. விருந்தாளிகளைத் தண்ணீரில் இறக்கி ஏற்றுவது நீ. இதை மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்லவேண்டியிருக்கிறது.

அன்று புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை மதியம். காற்று ஏறிவிட்டது என்று மீன்பிடிக்கிறவர்கள் படகைக் கரையேற்றிவிட்டார்கள். சென்னையிலிருந்து வந்த ஆறு பேரை நீ பத்திரமாகக் கரை சேர்த்தாய். கட்டாமல் விட்ட ஒரு கயாக் மட்டும் முகத்துவாரத்தை நோக்கிப் போய்விட்டது. அதைப் பிடிக்கப் போன நீ திரும்பவில்லை. மறுநாள் காலையில் உன்னைக் கொண்டுவந்து போட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஓனர் கண்கலங்கி நின்றார். வளர்மதி அண்ணியிடம் ஊரே கேட்கச் சொன்னார். "நல்ல பையன்தாம்மா. ஆனா அன்னிக்குக் கொஞ்சம் போட்டிருந்தான். நான் வேணாம் வேணாம்னு சொன்னேன். கேக்காம எறங்கிட்டான்."

அதையே பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் சொன்னார். டீக்கடையில் சொன்னால் போதாதா? பொழுது சாய்வதற்குள் உப்பளத்துக்கெல்லாம் போய்விட்டது.

எவ்வளவு கணக்காகப் பார்த்து அடித்திருக்கிறார், பார். நீ குடித்துக்கொண்டிருந்தவன் என்பது எல்லோருக்கும் தெரியும். நாலு வருஷமாக விட்டுவிட்டாய் என்பதும் தெரியும். ஆனால் திருந்தினவன் மறுபடி விழுந்தான் என்றால் ஊர் உடனே நம்பும். அண்ணி தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். "அவரு குடிக்கலீங்க. காலைல நான்தான் சோறு கட்டிக் குடுத்தேன். எனக்குத் தெரியாதா?" அவள் காதுபடவே உப்பளத்துச் சின்னசாமி மாமா, "பாவம், பொண்டாட்டிக்குத்தான் கடைசியா தெரியும்" என்றார்.

உனக்குச் சொல்லவேண்டிய இன்னொன்று இருக்கிறது. நானும் நம்பினேன்.

உன்னை எடுத்துப்போன அன்று சாயங்காலம் அண்ணியிடம், "திரும்ப ஆரம்பிச்சிட்டானா அண்ணி?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். தீபாவளிக் கூட்டம் என்று கடையில் இரண்டு நாள்தான் லீவு கொடுத்தார்கள். மூன்றாம் நாள் நான் சிரித்த முகத்தோடு புடவை விரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். குடிகாரப் பயலே, எங்களை நடுத்தெருவில் விட்டாயே என்று. நாற்பது நாள் அப்படித் திட்டினேன், அண்ணா. நீ கேட்டுக்கொண்டிருந்தாயா?

கார்த்திகையில் ஒருநாள் அண்ணி போன் செய்து, உடனே வா என்றாள். போனேன். வீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் உமா. அன்று நீ கரை சேர்த்த ஆறு பேரில் ஒருத்தி. தோழிகள் தலை துவட்டுவதை அவள் செல்லில் வீடியோ எடுத்திருந்தாள். படத்தில் அவர்கள் சிரிக்கிறார்கள். பின்னால் நீயும் ஓனரும் பேசுவது கேட்கிறது.

"டேய் குமரா, கயாக் முகத்துவாரத்துக்குப் போவுது பாரு. போய் இழுத்துட்டு வா."

"சார், காத்து ஏறிடுச்சு சார். லைஃப் ஜாக்கெட் எல்லாம் கெஸ்ட்டுங்ககிட்ட இருக்குது. கொஞ்ச நேரம் போவட்டும்."

"புதுசுடா அது. இப்ப போறியா, இல்ல நாளைலேர்ந்து வேலைக்கு வராம இருக்கியா?"

அப்புறம் தண்ணீரில் கால் வைக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது.

உமா அழுதாள். "அவர் என் பக்கத்துலதான் நின்னு பேசினார். குடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். எனக்குக் குளிருதுன்னு அவர் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டத்தான் கழட்டிக் குடுத்தார். அப்பவே சொல்லியிருக்கணும். போலீஸ் கேஸுன்னு பயந்து கிளம்பிட்டோம்." அண்ணி அவளைத் திட்டவில்லை. "அவரு பேசுறதை இன்னொரு வாட்டி போடும்மா" என்று மட்டும் கேட்டாள். ஐந்தாறு தடவை கேட்டோம். நான் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வீடியோவைப் போலீசில் கொடுத்தோம். உன் உடம்பில் சாராயத்தின் வாடையே இல்லை என்று ஆஸ்பத்திரிக் காகிதமும் வந்தது. கேஸ் போட்டார்கள். படகு விடுவதை நிறுத்தினார்கள். அப்பாடா என்று இருந்தது. ஆனால் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. அடுத்த ஆடி முடிவதற்குள் ரிசார்ட்டுக்குப் புதுப் பெயர், புது பெயின்ட், அதே ஆறு கயாக். ஊரில் காகிதத்தை யார் படித்தார்கள்? உப்பளத்தில் அண்ணி நடந்துபோனால் "குடிச்சிட்டு முழுகினானே, அவன் பொண்டாட்டி" என்றுதான் அடையாளம் சொன்னார்கள்.

அதை என் காதால் கேட்ட அன்றைக்குத்தான் புடவைக் கடை வேலையை விட்டேன். பழி வாங்கத்தான் ஊருக்கு வந்தேன். இதற்கு வேறு நல்ல வார்த்தை உண்டா என்று நான் தேடவில்லை.

கூனிமேடு சாதிக் பாயை நினைவிருக்கிறதா? ரிசார்ட்டுக்குச் சென்னையிலிருந்து வேனில் ஆள் கொண்டுவருவாரே, அவர்தான். வீடியோவைக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு வேன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "மவுத்தானவன் மேல பொய் சொல்றவன் சவாரி எனக்கு வேணாம் தங்கச்சி. வண்டி இருக்குது. என்னா செய்யணும், நீ சொல்லு."

செய்தோம். உமா தன் ஆபீஸ் ஆட்களை முதல் வேனில் ஏற்றி அனுப்பினாள். திருவான்மியூரில் விடியுமுன் கிளம்பினால் இளவெயிலில் உப்பளத்துக்கு வந்துவிடலாம். வரப்பில் வரிசையாக நடத்திக் கூட்டிப்போவேன். பாத்தித் தண்ணீரில் வானம் இறங்கிக் கிடக்கும். அதில் தங்கள் முகத்தையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். உப்பு இல்லாத மழை நாளிலும் அண்ணி உப்பு வாரும் பலகையை அவர்கள் கையில் கொடுத்து இழுக்கச் சொல்வாள். இழுக்கத் தெரியாமல் விழுந்து எழுவார்கள். அப்புறம் பூநாரை பார்ப்பது, மதியம் சாதிக் பாய் வீட்டில் நண்டு மசாலாவும் சோறும். எல்லாம் கரையில்தான். யாரையும் நான் தண்ணீரில் இறக்குவதில்லை.

கடைசியாக ஓர் இடம். ரிசார்ட் படகுத்துறைக்கு நேர் எதிர்க்கரை. அங்கே எல்லோரையும் நிழலில் உட்காரவைத்து உன் கதையைச் சொல்வேன். உன் பெயர், உன் வயது, நீ ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தது, அவர் மிரட்டியது, செத்த பிறகு உன்மேல் சொன்ன பொய். அழாமல் சொல்வேன். பதினோரு வருஷம் புடவை விற்றவளுக்கு எதிரே நிற்பவர்களைப் பேசி நிறுத்தத் தெரியாதா? சொல்லி முடித்ததும் எதிர்க்கரையைக் கைகாட்டுவேன். "அதோ, அந்த நீலக் கூரை."

யாரும் அன்று நீலக் கூரைப் பக்கம் போவதில்லை. வேன் சென்னை போய்ச் சேருவதற்குள் அவர்கள் செல்போனில் எழுதிவிடுவார்கள். அலுவலகத்தில் சொல்வார்கள், அடுக்குமாடியில் சொல்வார்கள். போன வருஷம் ஒரு வேன். இந்த வருஷம் சனிக்கிழமைகளில் இரண்டு. அந்தக் கரையில் கார் நிறுத்த இடம் கிடைக்காதிருந்த காலம் உனக்குத் தெரியும். இப்போது நாய் படுத்திருக்கிறது. கயாக்குகள் கவிழ்ந்து கிடக்கின்றன. அதைப் பார்க்கும்போது நண்டு மசாலாவைவிட ருசியாக இருக்கிறது எனக்கு. நான் கெட்டவளாகிவிட்டேனா, அண்ணா?

மூன்று வாரம் முன்பு ஓனரே வந்தார். விருந்தாளிகள் வேனில் ஏறியிருந்தார்கள். இளைத்துப்போயிருந்தார்.

"ஏம்மா, இன்னும் எத்தினி நாளைக்கு இதையே சொல்லிட்டு இருப்பே? எனக்கும் புள்ளகுட்டி இருக்குது."

"எங்க அண்ணிக்கும் புருஷன் இருந்தான்."

"சரி, நடந்தது நடந்துபோச்சு. உங்க அண்ணிய நம்மகிட்ட வேலைக்கு அனுப்பு. நல்லபடியா பாத்துக்கறேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இழுத்து மூடும்வரை விடமாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அண்ணி முன்னால் வந்துவிட்டாள்.

"வேலை வேணாங்க. நீங்க மூடிட்டுப் போறதும் எனக்கு வேணாம். அவரு குடிக்கலன்னு சொல்லுங்க. எந்த டீக்கடைல சொன்னீங்களோ அதே டீக்கடைல வந்து சொல்லுங்க."

அவர் போய்விட்டார். "இவ்வளவுதானா அண்ணி உனக்கு வேணும்?" என்று சண்டை போட்டேன். "உனக்கு அவன் அழியணும். எனக்கு என் புருஷன் பேரு வேணும்" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. உப்பளத்து ஆட்கள் அதே டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓனர் காரை விட்டுவிட்டு நடந்து வந்தார். எங்களுக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு என்னவோ முணுமுணுத்தார்.

"கேக்கலீங்க" என்றாள் அண்ணி. "அன்னிக்கு சத்தமாதானே சொன்னீங்க?"

டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்தினார். ஓனர் தலையை நிமிர்த்தினார். "குமரன் அன்னிக்குக் குடிக்கல. போவமாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் மிரட்டி அனுப்பினேன். குடிச்சிருந்தான்னு நான் சொன்னது பொய்."

எவ்வளவு சின்னப் பேச்சு, அண்ணா. ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். இரண்டு வருஷம் அது அவர் வாயை விட்டு வரவில்லை.

சின்னசாமி மாமா கிளாசைக் கீழே வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "என் வாய் அழுகிப்போவணும்மா" என்றார். அண்ணி அவரையும் பார்க்கவில்லை, ஓனரையும் பார்க்கவில்லை. "போதும்" என்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உப்பளத்தைப் பார்க்க நடந்துவிட்டாள். அவள் நடை அப்படி நிமிர்ந்திருந்து நான் பார்த்து வெகுநாளாயிற்று.

எனக்கு அது போதவில்லை. குளிரும் என்று நினைத்த நெஞ்சு குளிரவில்லை. அண்ணிக்கு அவள் கேட்டது கிடைத்தது. நான் கேட்பது நீ. அதை யார் கொடுப்பார்கள்?

ஓனர் என் பக்கம் திரும்பினார். "அதான் சொல்லிட்டேனே. இனிமே நிறுத்திடுவே இல்ல?"

"இல்லீங்க" என்றேன். "இனிமே நீங்க ஒத்துக்கிட்டதையும் சேர்த்துச் சொல்லுவேன்."

நேற்று சனிக்கிழமை. அதே இடத்தில் நின்று அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "மன்னிச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டே, "இல்லீங்க சார்" என்றேன்.

ஆகவே, அண்ணா, உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது. கேஸ் கூப்பிடும் ஒவ்வொரு நாளும் திண்டிவனம் கோர்ட்டில் அவர் கண்ணில் படுகிற மாதிரி நிற்பேன். ரிசார்ட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போனால் அந்த ஊருக்கும் வேன் போகும். எனக்கு வயதாகட்டும், கால் ஓயட்டும். அவருக்கு நிம்மதியாக ஒரு சனிக்கிழமை விடியாது.

உன் கூடப்பிறந்தவள்,
தேன்மொழி