இல்லாத பிரேக்

என்னங்க,

விழுப்புரம் வீட்டைக் காலி செய்துவிட்டேன். மகளோடு இருக்க, போபாலுக்கு நானே கார் ஓட்டிக்கொண்டு போகிறேன். பின்சீட் முழுக்கச் சாமான். மாலையைக் கழற்றி உங்கள் படத்தையும் அங்கேதான் வைத்திருக்கிறேன். உங்கள் தம்பி, "தனியா எதுக்கு அண்ணி இந்தப் பேஜாரு? டிரைவர வச்சிக்கினு போங்க" என்று கெஞ்சினார். வேறு யாராவது ஓட்டினால் நான் உங்கள் சீட்டில் அல்லவா உட்கார வேண்டும்?

திண்டிவனம் ரோட்டில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, லாரியைக் கண்டாலே உங்கள் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதிப்பீர்கள். "மெதுவா, மெதுவா" என்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீங்களே ஓட்டிக்கினு போங்க" என்று ஒரு நாள் நடு ரோட்டில் இறங்கியே விட்டேன்.

நேற்று நாக்பூரில் காரைக் கழுவியவர் உங்கள் பக்கத்துக் கால்விரிப்பைத் தூக்கிக் காட்டினார். வலது கால் படும் இடம் மட்டும் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. புதிது போடலாம் என்று சைகை செய்தார். பிடுங்கி, அதே இடத்தில் விரித்தேன்.

இன்று காலை ஒரு லாரி குறுக்கே வந்தது. சரியாகத்தான் பிரேக் போட்டேன். கார் நின்றதும், திட்டு வாங்கத் தயாராக இடது பக்கம் திரும்பினேன். பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடிக்கும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
இன்னமும் மெதுவாகப் போகத் தெரியாதவள்