பத்தடிக்கு ஒருமுறை அண்ணாந்து பார்ப்பவர்

என் அருமை மகளுக்கு,

உன் அம்மா எழுதுவது. கோபம் ஆறிவிட்டதா, இல்லை என் போனை எடுப்பதே இல்லை என்று இன்னும் முறுக்கிக்கொண்டு இருக்கிறாயா? எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. போனில் பேசினால் அப்பா பக்கத்தில் இருப்பார், எனக்கும் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிடும். அதனால் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராது. உங்கள் கேமில் வரும் அந்தக் கிழட்டுக் காவல்காரனின் நடையை வெள்ளிக்கிழமை மாற்றப்போவதாகச் சொன்னாயே, மாற்றாதே. மாற்றச் சொல்லிக் கத்தியவளே நான்தான். இருந்தாலும் முழுதும் படி.

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். அன்றைக்கு மாடி வீட்டு அக்கா, உங்க பொண்ணு கம்பெனி கேம்தான் இப்ப ஊரெல்லாம் பேச்சு என்று பெருமையாகத் தன் போனைக் காட்டினாள். அதில் முன்பின் தெரியாத பிள்ளைகள் வரிசையாக நின்று, வலது தோளைத் தொங்கவிட்டு, இடது காலை வெளியே வீசி வீசி நடந்து, விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். வாத்துத் தாத்தா நடையாம். லட்சக்கணக்கான பேர் பார்த்தாயிற்றாம். அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் போகுமா? அந்த நடை தெருமுனையில் திரும்பும்போதே டீக்குத் தண்ணீர் வைத்துப் பழகியவள் நான். உடனே உன்னைக் கூப்பிட்டு, பெத்த அப்பனை ஊரே பார்த்துச் சிரிக்க வச்சிட்டியேடி என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேலிக்குச் செய்யவில்லை, வயதான ஒரு ஆளை நடக்க வை என்று ஆபீசில் சொன்னதும் உன் கை தானாக அந்த நடையைத்தான் போட்டது என்று நீ அழுதாய். நான் காதில் போட்டுக்கொள்ளாமல், முதலில் அதை மாற்று என்று கத்தினேன்.

உன் வேலையை நான் என்றைக்குச் சரியாகப் புரிந்துகொண்டேன்? யாராவது கேட்டால், கம்ப்யூட்டரில் ஆட்களை நடக்க வைக்கிறாள் என்பேன். உன் பெரியம்மா, அப்ப பிசியோதெரபியா, நல்ல படிப்பாச்சே என்றார். நானும் மாடு மாதிரித் தலையாட்டி வைத்தேன். ஐந்து வருடமாக அவர் தன் முட்டிவலியைச் சொல்ல உன்னைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த தடவை அவரிடம் மாட்டினால் நீயே சமாளித்துக்கொள்.

இனி உன்னிடம் மறைத்த விஷயம். எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு படி. ஏழு வாரத்துக்கு முன்னால் அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரைதான் காரணம். பாதத்தில் வந்த புண்ணைச் செருப்புக் கடி, செருப்புக் கடி என்று சொல்லிக்கொண்டே லிஃப்ட் ரிப்பேருக்குப் போய் வந்துகொண்டிருந்தார். டாக்டரிடம் காட்டும்போது காலம் கடந்துவிட்டது. உனக்குச் சொல்லியே தீருவேன் என்று நான் போனை எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டு, அவ கேம் வெளிய வர்ற நேரம், புள்ள மூச்சு விடக்கூட நேரமில்லாம கெடக்கா, இப்ப சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். வீடியோவில் அவரை மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்துத்தான் உன்னோடு பேச வைத்தேன். அப்பா எங்கே என்று ஒருநாள் கேட்டாயே, நடக்கப் போயிருக்கிறார் என்றேன். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதேன். அந்தக் காலே இல்லாமல் அவர் படுத்துக்கிடக்கும்போது, அதை வீசி வீசிக் காட்டி யாரோ சிரிக்கிறார்கள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல். அந்த எரிச்சலைத்தான் உன்மேல் கொட்டினேன். தப்பு என்னுடையதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார். செயற்கைக் கால் அளவெடுக்க இரண்டு தடவை நாள் குறித்தும் வரமாட்டேன் என்று சாதித்தார். போன வாரம் நான் கடைக்குப் போன நேரத்தில், பாவம் மனுஷனுக்குப் பொழுது போகட்டும் என்று மாடி வீட்டு அக்கா தன் கேம் மெஷினைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டாள். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, ஐம்பத்தெட்டு வயதில் கத்தியைச் சுழற்றிக்கொண்டு கோட்டை கோட்டையாகப் பிடிக்கிறவள். கொண்டுவந்து போட்டது எதை? உன் கேமைத்தான். நான் கதவைத் திறக்கும்போது, அவன் அந்தப் பக்கம் திரும்பறப்ப ஓடிடுங்க, பார்த்தா விசில் அடிச்சிடுவான் என்று இவள் அவசரப்படுத்திக்கொண்டிருக்கிறாள். அவரானால் ஒரு பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்தபடி, அந்தக் காவல்காரன் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். மூன்று சுற்று பார்த்தார். பிறகு, இது நான் என்றார்.

அவர் சிரித்தார், கண்ணு. இருமல் வரும்வரை சிரித்தார். என் பொண்ணு என்னை என்னமா பார்த்து வச்சிருக்கா என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அந்தக் காவல்காரன் பத்தடிக்கு ஒருமுறை நின்று அண்ணாந்து பார்க்கிறானே, அதை நான் இத்தனை வருடமும் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லிஃப்ட் கெட்டுப்போனால் மெக்கானிக் படியேறித்தானே போகவேண்டும், பையைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மேலே கம்பியின் சத்தத்தைக் கேட்பாராம். ரோட்டில் நடந்தாலும் அந்தப் பழக்கம் விடவில்லையாம். கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் அவருக்கு ஆச்சரியம்.

மறுநாள் காலையில் அவராகவே அந்தக் கால் பொருத்துகிறவரைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்ததும் அப்பா, அக்கா விட்டுவிட்டுப் போன மெஷினில் கேமைப் போட்டுக் காட்டி, எனக்கு இந்த நடைதான் வேணும், வேற எவன் நடையும் வேணாம் என்று ஒரே போடாகப் போட்டார். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். குதிகால் எவ்வளவு வெளியே போகிறது, தோள் எவ்வளவு இறங்குகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டார். என்கிட்ட வர்றவங்க முன்னாடி எப்படி நடந்தாங்கன்னு அவங்களுக்கே ஞாபகம் இருக்காது, இவர் கொடுத்து வச்சவர் என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சி ஆரம்பம், மூன்று மாதம் ஆகுமாம். அப்பா இப்போது தினமும் காலையில் கேமைப் போட்டுக்கொண்டு பாடம் படிக்கிறார். வீடியோவாகப் பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்று அக்கா கேட்டாள். அதில் ஒரு பக்கம்தான் தெரியும், இதில் முன்னால், பின்னால், படிக்குக் கீழே என்று எங்கே வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம் என்று மறுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நீங்கள் அங்கே மாற்றினால் இந்த மெஷினிலும் அது போய்விடும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஊனத்தைக் கேலி செய்வதாக உங்கள் ஆபீசுக்குப் புகார்கள் வந்திருப்பதாகச் சொன்னாய். எழுதியவர்களும் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார்கள். உன் மேலதிகாரியிடம் போய், அந்த நடைக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், அது அவருக்கு வேண்டும் என்று சொல். கையெழுத்து வேண்டுமென்றால் போட்டுத் தருவார்.

லீவு போடு என்று நான் சொல்லவில்லை. உனக்கு அங்கே எவ்வளவு வேலை என்று தெரியும். பயிற்சியின்போது விழுந்தால் பிடித்துக்கொள்ள அவருக்குப் பின்னாலேயே ஒரு ஆள் நடந்து வரவேண்டும் என்றார் கால் பொருத்துகிறவர். என் கைக்கு அவ்வளவு வலு போதாது. இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் கண்ணும் கையும் நோகாமல் நீ நன்றாக இருக்கவேண்டும்.

என்றும் உன்,
அம்மா