அத்தாவின் வெள்ளியும் முப்பது குட்டி நாணயங்களும்

என் வீட்டுக்கார நாணய நிபுணருக்கு,

நீங்கள் ஷிப்டுக்குப் போனதும், ராஜா தலை போட்ட அந்த முப்பது குட்டித் ‘தங்க’ நாணயங்களையும் வடலூர் நகைக்கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் காந்தத்தைக் காட்டியதுதான் தாமதம், அத்தனை ராஜாக்களும் தாவி ஒட்டிக்கொண்டார்கள். “எல்லாம் முலாம் பூசின தகரம்க்கா. டப்பா நல்லாருக்கு, அத வச்சுக்குங்க” என்றார். வைத்துக்கொண்டேன். அதில் இப்போது கிராம்பு இருக்கிறது.

‘சின்னதா இருந்தாத்தான் மதிப்பு ஜாஸ்தி’ என்று சொல்லி, இதற்கா என்னைப் பெற்ற அத்தாவின் வெள்ளி நாணயத்தை உங்கள் கூட்டாளி தௌஃபீக்கிடம் கொடுத்து மாற்றினீர்கள்? இருபத்தைந்து வருஷம் மைன்ஸில் தூசி தின்று வேலை பார்த்ததற்கு அவருக்குக் கிடைத்த நாணயம் அது.

தௌஃபீக்கிடம் போனில் பேசிவிட்டேன். பாவம், உடனே சரி என்றார். ஆறு மணிக்கு நாணயத்தோடு வருவார். உங்கள் ராஜாக்கள் ஃப்ரிட்ஜ் மேல் பாலிதீன் கவரில் இருக்கிறார்கள். மரியாதையாக வழியனுப்புங்கள்.

நான் குறிஞ்சிப்பாடியில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன், காலையில் வருவேன். ஹாட்பாக்ஸில் நாலு தோசை இருக்கிறது. ஒவ்வொன்றும் எட்டணா அளவு. சின்னதுக்குத்தானே மதிப்பு.

சாஹிரா

(இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: பெரிய தோசையும் மீன் குழம்பும் பக்கத்து குவார்ட்டர்ஸ் விஜயலட்சுமி அக்காவிடம் இருக்கின்றன. அத்தாவின் நாணயத்தைக் காட்டினால் கொடுப்பார்.)