மதினி கைக்கு ஒரு பால் பாட்டில்

ஜூலை 9, புதன்

பிள்ளைக்கு இன்று முப்பத்தைந்தாவது நாள். குளிப்பாட்டும்போது அழவே இல்லை. தலையைத் துவட்டி முடிக்கும் முன்பே மார்பைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

மத்தியானம் அண்ணன் போன் செய்தான். மதினியைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுப் புளியங்குடி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டானாம். பிரசவத்தன்று வலிப்பு வந்து, மூளையில் ரத்தம் கசிந்து, ஒரு மாதத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தவள். நிர்மலா என்னைவிட இரண்டு வயது சின்னவள், முறைக்குத்தான் மதினி. பெற்ற பிள்ளையை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறாள்.

"கொஞ்சம் கொஞ்சமா பாட்டிலுக்குப் பழக்கிரு தேனு. அவளுக்கு இனிமே பால் ஊறாதுன்னுட்டாவ. ஆவணி பிறக்கவும் வந்து பிள்ளைய கூட்டிட்டுப் போறோம்."

"சரிண்ணே" என்றேன்.

வேறு என்ன சொல்ல? அவன் பிள்ளை. அவள் பிள்ளை.

என் மகள் போனது ஜூன் மூன்றாம் தேதி. இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். எனக்குப் பால் இறங்கியது நாலாம் தேதி. ஏழாம் தேதி அண்ணன் இவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "வேற யார்ட்ட போய்க் கேப்பேன்" என்று வாசலிலேயே அழுதான். பிள்ளை கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தான்.

அன்றிலிருந்து இதோ.

ஜூலை 11, வெள்ளி

நர்ஸ் ஜெஸ்லின் பிள்ளையை எடை போட வந்தாள். நன்றாக ஏறியிருக்கிறான். பாட்டில் என்றதும் முகம் சுளித்தாள்.

"பாட்டில் எதுக்குக்கா? பாலாடையில கொடுத்தாப் போதும்லா. கழுவுறதும் லேசு."

மதினிக்கு வலது கை விளங்காததையும், இடது கை நடுங்குவதையும் சொன்னேன். பாலாடையை அவளால் சிந்தாமல் பிடிக்க முடியாது, பிள்ளைக்குப் புரை ஏறிவிடும்.

"அப்படின்னா பாட்டில்தான். அவங்க கையாலயே கொடுக்கணும். அதுதான் முக்கியம்."

சொல்லிக் கொடுத்தாள்: பால் மெதுவாகச் சொட்டும் நிப்பிள் வாங்க வேண்டும், நெஞ்சில் குடித்த பிள்ளை வேகத்தைத் தாங்காது. படுக்கவைத்துக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் கொதிக்கும் நீரில் போட்டு எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். 'அவங்க கையாலயே' என்பது மட்டும் காதுக்குள்ளேயே நின்றது.

ஜூலை 12, சனி

முகம்மது மைதீன் அண்ணாச்சி கடையில் மேசை முழுக்கப் பாட்டில்களைப் பரப்பிவிட்டார். கண்ணாடி, எவர்சில்வர், பிளாஸ்டிக். வாய் குறுகியது, வாய் அகன்றது. தாய்ப்பால் குடிக்கிற மாதிரியே இருக்கும் என்று அட்டையில் படம் போட்டது ஒன்று. நிப்பிளை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். அதெப்படி அந்த மாதிரியே இருக்கும்?

"பிள்ளை எத்தனை மாசம்மா? உங்களுக்குத்தானே?"

"ஆமா அண்ணாச்சி."

ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லும்போது வாய் கூசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கூசியது.

மூன்று வாங்கி வந்தேன்.

ஜூலை 14, திங்கள்

குறுகிய வாய்ப் பாட்டிலில் என் பாலையே பிழிந்து ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு மடக்குதான், மூக்கு வழியாக வந்துவிட்டது. முகம் சிவந்து, மூச்சு வாங்கி — பயந்து பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அம்மா ஓடி வந்து அவனைக் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினாள்.

"ஏட்டி, நிப்பிள் ஓட்டை பெருசா இருக்கு, பாக்காண்டாமா?"

அதன்பிறகு நெஞ்சில் போட்டேன். விக்கி விக்கிக் குடித்தான். என் விரலைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

ஜூலை 17, வியாழன்

அகல வாய்ப் பாட்டிலை நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மாவிடம், "குடிக்க மாட்டேங்கான்" என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எங்காவது சொல்ல வேண்டும்.

அவன் குடிக்காததற்குக் காரணம் பாட்டில் இல்லை. நான். ஒவ்வொரு நாளும் பாட்டில் கொடுக்கப் போவதற்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு நிறைய நெஞ்சில் கொடுத்துவிடுகிறேன். பசி இல்லாத பிள்ளை ரப்பரை எதற்குச் சப்பும்? அம்மாவும் என் வீட்டுக்காரரும், "ஐயோ, பிடிக்கலையே" என்று வருத்தப்படுகிறார்கள். நானும் வருத்தப்படுகிற மாதிரி நிற்கிறேன். அண்ணனுக்குப் போனில், "இன்னும் பழகல" என்கிறேன்.

இப்படியே ஆவணி வந்துவிட்டால்? பாட்டில் குடிக்காத பிள்ளையைக் கூட்டிப் போக முடியாது. அப்படித்தான் நினைத்தேன். நினைத்துத்தான் செய்தேன். தெரியாமல் செய்ததாக எழுத வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

இன்று புளியங்குடிக்குப் போய் வந்தேன். பாட்டில் மதினி கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன். பஸ் அலைச்சல் ஆகாது என்று சொல்லிப் பிள்ளையை அம்மாவிடம் விட்டுப் போனேன், பாலாடையில் கொடுக்கப் பாலைப் பிழிந்து வைத்துவிட்டு.

மதினிக்குத் தலைமுடி பாதி வழித்திருந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேச்சு மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் தெளிவாக வருகிறது. அண்ணன் காபி போடப் போனான்.

மூன்று பாட்டிலிலும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். கண்ணாடிப் பாட்டிலைத் தூக்கவே முடியவில்லை. குறுகிய வாய்ப் பாட்டில் வழுக்கி மடியில் விழுந்து புடவை நனைந்தது. அகல வாய்ப் பாட்டில் கைக்கு அடங்கவில்லை. நான்காவது தடவையும் முயன்றாள். நெற்றியெல்லாம் வேர்வை. விரல்கள் நடுங்க, அதையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"உன்ட்ட நல்லா குடிக்கானா தேனு?"

"குடிக்கான் மதினி."

"என்னைய அவனுக்குத் தெரியுமா?"

நான் பதில் சொல்லும் முன்பே எனக்குப் பால் வழிய ஆரம்பித்துவிட்டது. அவன் பசிக்கிற நேரம். ஜாக்கெட் நனைந்து வெளியே தெரிந்தது. மதினி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த நடுங்குகிற கையை நீட்டி என் சேலைத் தலைப்பை இழுத்து மூடிவிட்டாள், அண்ணன் வருவதற்குள்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முன்னாலேயே நெஞ்சில் கொடுத்துவிட்டு அப்புறம் பாட்டிலை நீட்டியதை. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானா இருந்தா கொடுக்கவே மாட்டேன் தேனு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா கொடுத்துரு. எனக்கு அவன் வேணும்."

ரெண்டு பேரும் அழுதோம். அண்ணன் காபி டம்ளரோடு வாசலிலேயே நின்றான்.

ஜூலை 26, சனி

அண்ணாச்சி கடையில் நடுவில் ஒடுங்கிய பாட்டில் ஒன்று கிடைத்தது. கனமே இல்லை. இரண்டு பக்கமும் பிடி வைத்ததும் இருந்தது, ஆனால் அதன் நிப்பிள் பெரிய பிள்ளைக்கு. ஒடுங்கியதற்கே மெதுவாகச் சொட்டும் நிப்பிள் தனியாக வாங்கினேன்.

பழைய பருத்திப் புடவையைக் கிழித்து அதற்கு ஒரு உறை தைத்தேன், வழுக்காமல் இருக்க. உறையோடு அகலமாக ஒரு பட்டையும் வைத்துத் தைத்தேன். மதினி கையை அதற்குள் விட்டுக்கொண்டால் விரல் விட்டாலும் பாட்டில் விழாது. என் இடது கையை விட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அண்ணாச்சியிடம், "பிள்ளை எங்க அண்ணனுக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையசைத்துவிட்டு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

ஜூலை 28, திங்கள்

ஜெஸ்லினிடமும் உண்மையைச் சொன்னேன். "நீங்க பக்கத்துல இருந்தா குடிக்க மாட்டான். உங்க வாடை அடிக்கும்லா. வேற யாராவது கொடுக்கட்டும், நீங்க வெளிய போயிருங்க" என்றாள்.

அம்மாவுக்கு மனசு வரவில்லை. கடைசியில் இவர்தான், தறிக்குப் போகாமல் லீவு போட்டு, பாட்டிலை வாங்கிக்கொண்டார். இத்தனை நாளில் இவர் அவனைத் தூக்கியதே இல்லை. பக்கத்தில் வந்து பார்ப்பார், போய்விடுவார். எங்கள் மகளைத் தூக்கக் கிடைக்காத கை — நானும் கேட்டதில்லை.

தெருமுனை வரை போய் நின்றேன். அங்கேயும் கேட்டது அவன் அழுகை. ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்துக்குக் கடை போடுகிறவர்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு அது மட்டும் தனியாகக் கேட்டது. முக்கால் மணி நேரம். ஓடிப் போய் வாங்கிவிடலாம். நாலு வீடு தள்ளித்தான். மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குடிக்கவில்லை. அழுது அழுது தூங்கிவிட்டானாம்.

ஜூலை 29, செவ்வாய்

இன்றும் இல்லை. தொண்டை கட்டிவிட்டது அவனுக்கு. எனக்கும்.

ஜூலை 30, புதன்

அழுகை பாதியில் நின்றது. என்னவோ ஏதோ என்று ஓடி வந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, பிள்ளை நிமிர்ந்தவாக்கில் மடியில் இருந்து குடித்துக்கொண்டிருந்தான். இவர் கண்ணிலிருந்து நீர் வடிந்து சட்டையில் விழுந்தது. துடைக்கக் கை இல்லை.

"குடிச்சிட்டான் தேனு, முழுசா குடிச்சிட்டான்" என்றார். நான் வெளியிலிருந்தே, "ஏப்பம் விடவையுங்க" என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பகலில் பாட்டில். காலையில் ஒரு தடவை மட்டும் நான். டாக்டர் எழுதிக் கொடுத்த பவுடர் பாலும் ஒத்துக்கொள்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அண்ணனும் மதினியும் காரில் வந்தார்கள். விடியற்காலையில் கடைசியாக ஒரு தடவை கொடுத்தேன். கடைசி என்று அவனுக்குத் தெரியாது. பாதியில் விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மதினி நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கைக்குக் கீழே தலையணை வைத்து, அவள் கையைப் பட்டைக்குள் நானே விட்டுவிட்டேன். பிள்ளையை அண்ணன் தாங்கிக்கொண்டான். முதலில் பிள்ளை தலையைத் திருப்பி என்னைத் தேடினான். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மதினி குரல் கேட்டது: "குடிக்கான்! எங்கிட்ட குடிக்கான்!"

பாட்டில், உறை, நிப்பிள் கொதிக்கவைக்கிற பாத்திரம், எல்லாவற்றையும் கூடையில் எடுத்து வைத்தேன். எந்த நேரம் எவ்வளவு என்று தாளில் எழுதியும் கொடுத்தேன். கார் திரும்பும் வரை நின்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நெஞ்சு கல்லாகக் கனக்கிறது. காய்ச்சல். அம்மா பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகை வாங்கி வந்து துணியில் பரப்பிக் கட்டினாள். பால் வற்றுமாம். வீடெல்லாம் கல்யாண வீட்டு வாசனை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பூ வாடிவிட்டது. பால் இன்னும் நிற்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

புளியங்குடியில் பெயர் வைத்தார்கள். அத்தைதான் காதில் சொல்ல வேண்டுமாம். முகிலன், முகிலன், முகிலன் என்று மூன்று முறை சொன்னேன். தூக்கினேன். என் முகத்தை உற்றுப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். அழுதான். மதினி பக்கம் சாய்ந்து சாய்ந்து அழுதான். அவள் மடியில் வைத்ததும் நிறுத்திவிட்டான்.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிரு" என்றாளோ என்னவோ, சரியாகக் கேட்கவில்லை. "நல்லதுதான் மதினி" என்றேன். நல்லதுதான். இப்படித்தான் ஆக வேண்டும் என்றுதானே தெருமுனையில் நின்றேன்.

பாயசம் வரை சாப்பிட்டேன். யாரும் என்னைப் பாவமாகப் பார்க்கும்படி உட்காரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டியதும் இவர், எதிரே பார்த்தபடியே கேட்டார்:

"நம்ம பிள்ளைக்கு என்ன பேரு வைக்கணும்னு நெனச்சிருந்த?"

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவளைப் பற்றிக் கேட்கிறார். சொன்னேன். பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை, குனிந்து காதைக் கொடுத்தார்.

இன்னொரு தடவை, சத்தமாகவே சொன்னேன். முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.